மாருதி 800 முன்பக்க சஸ்பென்ஷன்: பாகத்தை மாற்றியும் தொந்தரவு திரும்ப வருவது ஏன்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

என்னிடம் இருப்பது 2004 மாடல் மாருதி 800. அப்பா புதிதாக வாங்கியது, இப்போது நான் ஓட்டுகிறேன். இடையில் மூன்று வருடத்துக்குள் இடது பக்க லோயர் ஆர்மை (வீலின் அடியைப் பாடியோடு பிடிக்கும் இரும்புக் கை) மூன்று தடவை மாற்ற வேண்டி வந்தது. ஒவ்வொரு தடவையும் நாலைந்து மாதம் நன்றாக ஓடும், அப்புறம் அதே ‘டக்’ சத்தம் வந்துவிடும். அந்தச் சத்தத்தின் மூலத்தைத் தேடிப் போனதில்தான் இந்த வண்டியின் முன்பக்கம் எனக்கு முழுதாகப் புரிந்தது. அதன் பிறகு சொந்தக்காரர்கள், நண்பர்கள் வண்டிகள் பலவற்றைப் பார்த்தாயிற்று. எல்லோரும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றுக்கான பதில்கள் இவை.

முன்பக்கத்தில் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன? எது எதைப் பிடித்திருக்கிறது?

இது தெரிந்தால்தான் மற்ற பதில்கள் பயன்படும். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பானெட்டைத் திறந்தால் இரண்டு ஓரத்திலும் வட்டமாக ஒரு மேடு தெரியும். ஸ்ட்ரட்டின் தலை அங்கேதான் பாடியோடு சேர்கிறது. ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்தான் ஸ்ட்ரட். அதன் தலையில் ரப்பரும் பேரிங்கும் கொண்ட ஸ்ட்ரட் மவுண்ட் உண்டு. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது தூண் முழுவதும் அந்தப் பேரிங்கில்தான் திரும்புகிறது. தூணின் கால், வீலைத் தாங்கும் நக்கிளோடு போல்ட் போட்டு இணைந்திருக்கும். நக்கிளின் அடியைப் பிடித்திருப்பது லோயர் ஆர்ம். ஆர்மின் வெளி முனையில் பால் ஜாயிண்ட், அதாவது குழிக்குள் உருண்டை திரும்பும் மூட்டு. உள் முனையில், பாடியோடு சேரும் இடத்தில், ஒரே ஒரு ரப்பர் புஷ் (அதிர்வை வாங்கும் ரப்பர் வளையம்).

அந்த ‘ஒரே ஒரு’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இப்போதைய கார்கள் பலவற்றில் லோயர் ஆர்ம் முக்கோணமாக இருக்கும், உள் பக்கம் இரண்டு இடத்தில் பிடி இருக்கும். 800ல் ஒற்றைப் பிடிதான். தனியாக விட்டால் அந்த ஆர்ம் முன்னும் பின்னும் ஆடும். ஆடாமல் பிடிப்பது ஸ்டெபிலைசர் பார். முன்னாலிருந்து வளைந்து வரும் அந்தக் கம்பியின் இரண்டு முனைகளும் இரண்டு பக்க ஆர்மிலும் புகுந்து, ரப்பர் புஷ், வாஷர், நட்டு போட்டு இறுகியிருக்கும். மற்ற கார்கள் பலவற்றில் இந்தக் கம்பிக்கு ஒரே வேலை, வளைவில் வண்டி சாயாமல் பார்ப்பது. 800ல் வீல் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பதும் அதன் பொறுப்பு.

‘ஸ்டெபிலைசர் புஷ்தானே, சத்தம் மட்டும்தான் வரும், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று புது வண்டிகளிலேயே பழகிய மெக்கானிக் சொல்வது இந்த வண்டிக்குப் பொருந்தாது. அந்தப் புஷ் தேய்ந்தால் பிரேக் போடும்போது வீல் பின்னால் நகரும். நேர் ரோட்டில் ஸ்டீயரிங் அலையும். லோயர் ஆர்மின் உள் புஷ் கோணலாக இழுபட்டுக் கிழியும். ஆர்மை மட்டும் மாற்றினால் புது ஆர்மின் புஷ்ஷும் அதே வழியில்தான் போகும்.

எந்தச் சத்தம் எந்தப் பாகத்தைக் காட்டுகிறது?

சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். ‘கட கட’ என்பதும் ‘லொட லொட’ என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். பிரேக் போடும்போது வருகிறதா, திருப்பும்போது வருகிறதா என்பதில் குழப்பம் வராது.

பிரேக்கை அழுத்தும்போது ஒரு ‘டக்’, விட்டுக் கிளம்பும்போது இன்னொரு ‘டக்’ என்றால் முதலில் ஸ்டெபிலைசர் பார் ஆர்மில் புகும் இடத்துப் புஷ்ஷைப் பாருங்கள், அடுத்து ஆர்மின் உள் புஷ். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது ஸ்பிரிங் ‘டொய்ங்’ என்று குதித்தால் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் இறுகிவிட்டது. முழுதாக ஒடித்து வண்டி நகரும்போது வரிசையாக ‘டக டக டக’ என்றால் அது சஸ்பென்ஷனே இல்லை, வெளிப்பக்க சிவி ஜாயிண்ட் (என்ஜின் சக்தியை வீலுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டின் மூட்டு). வேகம் கூடக்கூட ஏறும் ‘ஊம்’ என்ற இரைச்சல், ஸ்டீயரிங்கை லேசாக ஒரு பக்கம் சாய்த்தால் கூடிக் குறைந்தால், வீல் பேரிங். பெரிய பள்ளத்தில் மட்டும் ‘டம்’ என்று இரும்பு மோதினால் ஷாக் அப்சார்பர் உயிர்விட்டிருக்கும், அல்லது ஸ்ட்ரட் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப்பர் நொறுங்கிப்போயிருக்கும்.

மெதுவாக, 15–20 கிலோமீட்டர் வேகத்தில், ஒட்டுப் போட்ட ரோட்டில் வரும் ‘லொட லொட’தான் கண்டுபிடிக்கக் கஷ்டமானது. பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங் ரேக் (ஸ்டீயரிங்கின் சுழற்சியை இடவல அசைவாக மாற்றும் பாகம்), டை ராடு எண்ட் (அந்த அசைவை நக்கிளுக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனை மூட்டு), ஸ்ட்ரட் மவுண்ட், பிரேக் பேட் எல்லாமே இந்தச் சத்தத்தைக் கொடுக்கும். அப்போது அதே ரோட்டில் பிரேக்கை லேசாக, வண்டி நிற்காத அளவுக்கு, தொட்டுக்கொண்டே போய்ப் பாருங்கள். சத்தம் அடங்கினால் ஆடுவது பிரேக் பேடோ அதைப் பிடிக்கும் காலிபரோதான். ஒரு காசு செலவில்லாத சோதனை. இதைச் செய்யாமல் பால் ஜாயிண்ட் மாற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ‘கிறீச்’ என்றால் காய்ந்த ரப்பர். ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்து ஒரு புஷ்ஷில் மட்டும் ஊற்றி, வண்டியை அழுத்தி அழுத்திப் பாருங்கள். சத்தம் போகவில்லையா, அடுத்த புஷ்ஷில் ஊற்றுங்கள். எதில் ஊற்றியதும் சத்தம் கொஞ்ச நேரம் நிற்கிறதோ அதுதான் ஆள். தண்ணீர் மட்டும் போதும். எண்ணெய், கிரீஸ், டீசல் எதுவும் வேண்டாம்.

ஏன் எண்ணெய் வேண்டாம்? வாட்டர் சர்வீஸில் அடியில் ஆயில் அடித்துத்தானே தருகிறார்கள்?

இந்தப் பழக்கம் நம் ஊரில் ரொம்ப நாளாக இருக்கிறது. வண்டியைக் கழுவி முடித்ததும் டீசலோ பழைய என்ஜின் ஆயிலோ கலந்து அடிப்பக்கம் முழுக்கப் பீய்ச்சிவிடுவார்கள். இரும்புக்குத் துரு பிடிக்காது, சத்தமும் குறையும் என்பார்கள். சத்தம் குறைவது உண்மை, ஒரு வாரத்துக்கு. ஆனால் சஸ்பென்ஷன் புஷ்களில் இருக்கும் ரப்பர் பெரும்பாலும் எண்ணெய்க்குத் தாங்காது. ஊறி உப்பும், மெத்தென்று ஆகும், கடைசியில் பிய்ந்து வரும். எண்ணெய் ஊறிய புஷ்ஷை விரலால் அழுத்திப் பாருங்கள். ஊறவைத்த புளி மாதிரி அமுங்கும், விரலில் கறுப்பாக ஒட்டும். நல்ல புஷ் அப்படி அமுங்காது, திருப்பித் தள்ளும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாட்டர் சர்வீஸ், ஒவ்வொரு முறையும் ஆயில் ஸ்ப்ரே என்று ஓடும் வண்டியில் எத்தனை நல்ல புஷ் போட்டாலும் நிற்காது. ‘ஸ்ப்ரே வேண்டாம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டிலேயே நான் எப்படிச் சோதிப்பது?

சமதரை வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் வைத்து, பின் வீல்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள்.

வண்டி தரையில் நிற்கும்போதே முதல் சோதனை. ஒருவர் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்கட்டும், ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நீங்கள் டை ராடு எண்டின் மேல், இரண்டு பாகமும் சேரும் கோட்டில், விரலைக் குறுக்காக வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத பிளே (தேய்மானத்தால் வரும் தளர்ச்சி) விரலுக்குத் தெரியும்: ஒரு பாகம் நகர்ந்த பிறகு ஒரு கணம் தாமதித்து அடுத்தது நகரும். இதேபோல் ரேக்கையும் தொட்டுப் பாருங்கள். பிறகு ஸ்பிரிங்கின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பச் சொல்லுங்கள். நல்ல மவுண்ட் என்றால் ஸ்பிரிங் சீராகச் சுழலும். கெட்டது என்றால் கொஞ்ச தூரம் முறுக்கி நின்று, பிறகு கைக்கடியில் துள்ளும். விரலை ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவில் நுழைக்காதீர்கள்.

அடுத்து வண்டியைத் தூக்க வேண்டும். ஜாக்கி தூக்க மட்டும்தான், தாங்க அல்ல. தூக்கியதும் ஸ்டாண்டு வைத்து அதில் இறக்குங்கள். செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் உடையும், அவற்றை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. முடிந்தால் முன்பக்கம் இரண்டு வீலையும் தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு புஷ்களை இறுக்கிப் பிடிக்கும், இருக்கும் பிளே தெரியாமல் போகும்.

வீலை மேலும் கீழும் பிடித்து, கடிகாரத்தில் 12 மணி, 6 மணி இருக்கும் இடத்தில், ஆட்டுங்கள். ஆடினால் கூட இருப்பவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட்டோ ஸ்ட்ரட்டோ. 3 மணி, 9 மணி இடத்தில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராடு எண்ட் அல்லது ரேக். கடைசியாக ஒரு டயர் லீவரை ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் வைத்து மெதுவாக நெம்புங்கள். இந்த வகை சஸ்பென்ஷனில் வண்டியின் எடை ஸ்ட்ரட் வழியாக இறங்குகிறது, பால் ஜாயிண்ட் வீலைப் பிடிக்க மட்டும்தான். அதனால் தொங்கவிட்டு நெம்பினால் தேய்மானம் தெளிவாகத் தெரியும். அதை மூடும் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருந்தால் பிளே இல்லாவிட்டாலும் அதற்கு ஆயுள் கம்மிதான்.

லோயர் ஆர்ம் மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை, உள் புஷ் மறுபடியும் கிழிந்துவிட்டது. பாகம் மட்டமானதா?

இருக்கலாம். ஆனால் என் வண்டியில் மூன்று தடவையும் காரணம் வேறு.

மூன்றாவது தடவை கழற்றிய ஆர்மைக் கையில் வாங்கிப் பார்த்தேன். புஷ்ஷின் நடுவில் ஒரு இரும்புக் குழாய் இருக்கும், அதற்கும் வெளி வளையத்துக்கும் நடுவில் ரப்பர் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும். என் புஷ்ஷில் ரப்பர் தேய்ந்திருக்கவே இல்லை. பிறை வடிவத்தில், முறுக்கிப் பிய்த்த மாதிரி, குழாயை ஒட்டிக் கிழிந்திருந்தது. ஆர்ம் மேலும் கீழும் அசையும்போது அந்த நடுக்குழாய் சுற்றாது. போல்ட் அதைப் பாடியோடு இறுக்கிப் பிடித்திருக்கும், ரப்பர்தான் முறுகிக் கொடுக்கும். எந்த நிலையில் போல்ட்டை இறுக்குகிறோமோ அந்த நிலையில்தான் ரப்பருக்கு ஓய்வு.

வண்டியைத் தூக்கி, வீல் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கினால் என்ன ஆகும்? வண்டி தரையில் இறங்கியதும் ஆர்ம் மேலே வரும். ரப்பர் நிரந்தரமாக முறுகியே நிற்கும். ஷெட்டில் சும்மா நிற்கும்போதும் முறுக்கம், பள்ளத்தில் விழுந்தால் அதற்கு மேலும் முறுக்கம். எப்படி ஆறு மாதம் தாங்கும்?

நான் பக்கத்தில் நின்று பார்த்த அன்று அந்தப் பட்டறையில் அப்படித்தான் இறுக்கினார்கள். தொங்கும்போது இறுக்குவது சுலபம், ஸ்பேனர் நன்றாக நுழையும், அதனால் எல்லோரும் அப்படியே செய்கிறார்கள். சரியான முறை இது: போல்ட்டைக் கையால் மட்டும் ஓட்டி விடுங்கள். வீலை மாட்டி வண்டியைத் தரையில் இறக்குங்கள். முன்பக்கத்தை நாலைந்து முறை அழுத்தி விட்டு, கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி, வண்டியின் எடை முழுதாக உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். குழியுள்ள பட்டறை என்றால் வேலை சுலபம். குழி இல்லாவிட்டால் முன் வீல்கள் இரண்டையும் சாய்தளத்தில் ஏற்றிவிட்டுச் செய்யலாம்.

அன்று இரண்டு பக்க ஸ்டெபிலைசர் புஷ், பாடியில் அந்தக் கம்பியைப் பிடிக்கும் பிராக்கெட் புஷ், இடது ஆர்ம் எல்லாம் சேர்த்து மாற்றி, தரையில் இறக்கி இறுக்கினோம். அதற்கப்புறம் அந்தப் பக்கம் கை வைக்கவில்லை.

புது ஸ்ட்ரட் போட்டு ஒரு வருடத்தில் ஆயில் லீக் ஆகிறது. ஏன்?

மூன்று இடத்தைப் பாருங்கள். முதலாவது, ஷாக் அப்சார்பர் ராடை மூடும் தூசி உறை. வேலை செய்யும்போது பிய்ந்த உறையைத் தூக்கி எறிந்துவிட்டு உறையே இல்லாமல் மாட்டிவிடுவார்கள். மண் ராடில் ஒட்டி, ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் சீலை அறுக்கும். இரண்டாவது, பம்ப் ஸ்டாப்பர். அது இல்லாவிட்டால் பெரிய பள்ளத்தில் ஸ்ட்ரட் உள்ளுக்குள் அடிபடும்.

மூன்றாவதுதான் அதிகம் நடப்பது, யாரும் கவனிக்காதது. மேல் நட்டை இறுக்கும்போது ராடு கூடவே சுற்றும். சுற்றாமல் இருக்க ராடின் பளபளப்பான பகுதியைக் கட்டிங் பிளேயராலோ பைப் ரெஞ்சாலோ பிடிப்பார்கள். அந்த ஒரு பிடி போதும், குரோம் பூச்சில் பல் தடம் விழும். அந்தத் தடம் சீலுக்குள் போய்ப் போய் வரும்போது அரம் மாதிரி அறுக்கும். லீக் ஆன ஸ்ட்ரட்டைக் கழற்றினால் ராடில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், கீறல் இருந்தால் நகம் தடுக்கும்.

மாற்றினால் இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள், மவுண்ட், உறை, ஸ்டாப்பர் எல்லாம் கூடவே. ஒன்று முக்கியம்: ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இல்லாமல் மேல் நடு நட்டைக் கழற்றவே கூடாது. அழுந்தி நிற்கும் ஸ்பிரிங் விடுபட்டால் கையை, முகத்தை உடைக்கும். இந்த வேலையை மட்டும் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

வண்டியின் மூலையை அழுத்திப் பார்க்கும் சோதனை போதாதா?

அழுத்தி விட்டதும் வண்டி ஒருமுறை எழுந்து நிற்க வேண்டும், மறுபடி மறுபடி ஆடினால் ஷாக் அப்சார்பர் போச்சு. அது சரிதான். ஆனால் முழுதாகப் போனதைத்தான் அது காட்டும். பாதி போனது கை அழுத்தத்துக்கு நன்றாகவே நடிக்கும். டயரில் அங்கங்கே கிண்ணம் மாதிரி குழி விழுந்து தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், அது இன்னும் நம்பகமான சாட்சி.

அலைன்மெண்ட் செய்த பிறகும் ஒரு பக்கம் இழுக்கிறது. என்ன செய்வது?

800ல் அலைன்மெண்ட் என்றால் டோ மட்டும்தான் (மேலிருந்து பார்த்தால் முன் வீல்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு), டை ராடு வழியாக. கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் வீல் சாய்ந்திருக்கும் அளவு), கேஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தால் வீல் திரும்பும் அச்சு சாய்ந்திருக்கும் அளவு) இரண்டையும் திருத்த கம்பெனி எந்த வசதியும் வைக்கவில்லை. கம்ப்யூட்டர் திரையில் கேம்பர் சிவப்பாகத் தெரிந்தால் ஏதோ வளைந்திருக்கிறது, அல்லது ஏதோ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சில இடங்களில் ஹைட்ராலிக் ஜாக்கி வைத்து ஸ்ட்ரட்டைத் தள்ளி வளைத்து எண்ணைப் பச்சையாக்கித் தருவார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். வளைந்த பாகத்தோடு வளைக்கப்பட்ட இன்னொரு பாகமும் சேரும், அவ்வளவுதான்.

இழுப்புக்கு நான் பார்க்கும் வரிசை இது. முதலில் காற்று, இரண்டு பக்கமும் ஒரே அளவா? அப்புறம் முன் டயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டு ஓட்டுவேன், இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில்தான். டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். பிறகு பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, வீல்களுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. நம் ரோடுகள் தண்ணீர் வடிய இடது ஓரம் சரிந்திருக்கும், அதனால் கையை விட்டால் வண்டி மெல்ல இடது பக்கம் போவது இயல்பு. அதை நோய் என்று எண்ண வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருந்தால் ஒரு அளவு நாடாவை எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன் வீலின் நடுவிலிருந்து பின் வீலின் நடுவுக்கு இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். 800க்கு வீல்பேஸ் 2175 மில்லிமீட்டர். அந்த எண்ணைச் சரியாகப் பிடிப்பது வீட்டில் கடினம், அது தேவையும் இல்லை. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதே கேள்வி. ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் அந்த வீல் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது: ஸ்டெபிலைசர் பார் வளைந்திருக்கலாம், அதன் புஷ் போயிருக்கலாம், ஆர்ம் அல்லது பிராக்கெட் மடங்கியிருக்கலாம். பிரேக்டவுன் ஆன வண்டியை இழுக்கும்போது கைக்கு வாகாக இருக்கிறதென்று இந்தக் கம்பியில் கயிறு கட்டுவார்கள், சிலர் இதற்கடியில் ஜாக்கி வைப்பார்கள். இரண்டும் அதை வளைக்கும்.

பிளே எல்லாம் சரிசெய்த பிறகு கடைசி வேலைதான் அலைன்மெண்ட். ஆடும் டை ராடு எண்டோடு செய்த அலைன்மெண்ட் பட்டறை வாசலைத் தாண்டுவதற்குள் மாறிவிடும்.

13 இஞ்ச் அலாய் வீல் போட்டிருக்கிறேன். அதனால் பிரச்சினை வருமா?

வரும். இந்த வண்டியின் பிந்தைய மாடல்களுக்குக் கம்பெனி கொடுத்தது 145/70 ஆர்12 டயர். பெரிய வீல், அகலமான டயர், அதுவும் வெளியே பிதுங்கி நிற்கும் வகை என்றால், வீல் பேரிங், பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட் எல்லாவற்றுக்கும் நெம்புகோல் நீளம் கூடுகிறது. பார்க்க அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பால் ஜாயிண்ட் அடிக்கடி போகிறது என்று வருபவர் வீலையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

என் வண்டி ரொம்ப ஓடவில்லை. மாதத்துக்கு இரண்டு முறை கோயிலுக்கு மட்டும்தான். எனக்கும் புஷ் போகுமா?

போகும். ரப்பர் கிலோமீட்டரால் மட்டும் சாவதில்லை, வயதாலும் சாகும். 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி வந்ததும் சென்னை உட்பட 13 நகரங்களில் 800 விற்பனை நின்றது. உற்பத்தியே 2014 ஜனவரியோடு முடிந்தது. ஆக, இருப்பதிலேயே இளைய 800க்கும் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வெயிலிலேயே நின்ற வண்டியின் புஷ்ஷில் வெடிப்பு இருந்தால் மீட்டர் என்ன காட்டுகிறது என்று பார்க்காதீர்கள்.

துரு பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

கட்டாயம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரம் வாழ்ந்த வண்டி என்றால் இன்னும் கட்டாயம். ஆர்ம் போல்ட் ஏறும் இடம், ஸ்டெபிலைசர் பிராக்கெட் ஏறும் இடம், பானெட்டுக்குள் ஸ்ட்ரட் தலை உட்காரும் மேடு ஆகிய மூன்றையும் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு ‘டங்’ என்று சொல்லும், துருவேறியது பொத்தென்று கேட்கும். தகடு அசைந்தால் எந்தப் புதுப் பாகமும் உதவாது. முதலில் வெல்டிங், பிறகுதான் சஸ்பென்ஷன்.

15 வருடம் முடிந்து ஆர்டிஓவில் மறுபதிவுக்குக் காட்டிய வண்டிகளில் அடிப்பக்கம் புதிதாகக் கறுப்பு பெயிண்ட் அடித்திருக்கும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் அந்தக் கறுப்பைப் பார்த்து மயங்காமல், போல்ட் ஏறும் இடங்களைச் சுரண்டிப் பாருங்கள். நேர்மையான விற்பனையாளர் தடுக்க மாட்டார்.

எந்தக் குறையோடு வண்டியை ஓட்டவே கூடாது?

பால் ஜாயிண்ட்டில் கண்ணுக்குத் தெரியும் பிளே. டை ராடு எண்டில் பிளே. உடைந்த ஸ்பிரிங். ஆர்ம் ஏறும் இடத்தில் விரிசல். பால் ஜாயிண்ட் கழன்றால் வீல் மடங்கி வண்டிக்கடியில் போகும், டை ராடு எண்ட் கழன்றால் ஸ்டீயரிங் கையில் இருக்கும், வீல் சொன்னபடி கேட்காது. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் ‘பட்டறை வரைக்கும் மெதுவாகப் போயிடலாம்’ என்றும் வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், அல்லது வண்டியை ஏற்றிக்கொண்டு போங்கள்.

பாகம் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட் இரண்டிலும் மலிவைத் தேடாதீர்கள். கடையிலேயே கையால் அசைத்துப் பாருங்கள். புதியது இறுக்கமாக, சீராக அசைய வேண்டும், லொடக்கென்று விழக் கூடாது. பூட் மெத்தென்று இருக்கட்டும், கிள்ளினால் வெளுக்கும் பிளாஸ்டிக் மாதிரி இருந்தால் வேண்டாம். வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த ரப்பரும் பழைய ரப்பர்தான். பழைய ஆர்மைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து நீளம் ஒப்பிடுங்கள், இடது வலது மாறிக் கொடுத்துவிடுவதும் உண்டு.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

‘லோயர் ஆர்ம் போச்சு, மாத்துங்க அண்ணே’ என்று நாமே தீர்ப்புச் சொன்னால் அவர் மாற்றிக் கொடுத்துவிடுவார், தவறு நம்முடையதாகும். ‘இடது பக்கம், பிரேக் விட்டதும் ஒரு டக், ரிவர்ஸில் பிரேக் போட்டாலும் வருது’ என்று சொல்லுங்கள். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தச் சத்தம் வரும் ரோட்டில் ஓட்டிக் காட்டுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். அது எப்படித் தேய்ந்தது, எந்தப் பக்கம் கிழிந்தது என்பதில் அடுத்த பிரச்சினையின் காரணம் இருக்கும். தரையில் இறக்கிய பிறகு இறுக்கச் சொல்வதைத் தயங்காமல் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்வதில்லை.

எல்லாம் மாற்றியாயிற்று. இன்னும் சத்தம் இருக்கிறது.

அப்படியானால் சஸ்பென்ஷனை விட்டு வெளியே தேடுங்கள். டிக்கியில் ஜாக்கி, ஸ்பேனர் பை இரண்டையும் எடுத்து வீட்டில் வைத்துவிட்டு ஒரு ரவுண்டு போய் வாருங்கள். சைலன்ஸரைத் தொங்கவிடும் ரப்பர், என்ஜின் மவுண்ட், பானெட் பூட்டு எல்லாவற்றையும் கையால் அசைத்துப் பாருங்கள். கிளட்ச்சை விடும்போது மட்டும் ‘டொக்’ என்றால் என்ஜின் மவுண்ட்தான்.

டிரைவிங் ஸ்கூலில் ஓடிய ஒரு 800ஐ வாங்கிய நண்பர், இரண்டு ஸ்ட்ரட்டும் இரண்டு ஆர்மும் மாற்றிவிட்டு, ‘லொட லொட’ அப்படியே இருக்கிறது என்று வருத்தத்தோடு வந்தார். கரடுமுரடான தெருவில் அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். சத்தம் வீலிலிருந்து வரவில்லை, டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து வந்தது. நிறுத்திப் பானெட்டைத் திறந்து பேட்டரியைப் பிடித்து அசைத்தேன், தாராளமாக ஆடியது. பேட்டரியைப் பிடிக்கும் கிளாம்பின் ஒரு பக்க நட்டு இல்லை. பக்கத்துக் கடையில் ஒரு நட்டு வாங்கி மாட்டினோம், சத்தம் நின்றது.